ஒரே பிராட்பேண்ட், இரண்டு கம்ப்யூட்டர்: வீட்டில் நாமே பகிர்ந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் கீழே ஒரு டெஸ்க்டாப், மாடியில் ஒரு லேப்டாப். இரண்டுக்கும் ஒரே ஃபைபர் இணைப்புதான். எங்கள் வீட்டில் செய்து முடித்த பிறகு, உறவுக்காரர் வீடுகளிலும் அக்கம்பக்கத்திலும், பாண்டிச்சேரியில் இரண்டு மூன்று வீடுகளிலும் இதே வேலையைச் செய்து கொடுத்தேன். சிரமப்பட்டவர்கள் எல்லோரும் தடுக்கிய இடம் ஒன்றுதான். எல்லா ஒயரையும் ஒரே நேரத்தில் செருகிவிட்டு, நெட் வரவில்லை என்றதும் எதிலிருந்து தேட ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

அதனால் இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். ஒரு கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது என்று உறுதியான பிறகுதான் இரண்டாவதைத் தொட வேண்டும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. வீட்டில் இருப்பது எந்த மாதிரிப் பெட்டி?

ஃபைபர் வந்து சேரும் வெள்ளைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ‘லேன்’ என்று எழுதி 1, 2, 3, 4 என எண் போட்ட துளைகள் இருந்து, ஆன்டெனாவும் இருந்தால் அது மோடமும் ரூட்டரும் சேர்ந்த பெட்டி. இப்போது புதிதாகப் போடும் இணைப்புகளில் பெரும்பாலும் இதுதான் வருகிறது. உங்களுக்கு இன்னொரு ரூட்டர் தேவையில்லை. கடையில் யார் என்ன சொன்னாலும் முதல் நாளே வாங்காதீர்கள்.

லேன் துளை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதிலிருந்து ஒயர் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது, ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து டயல் செய்கிறீர்கள் என்றால் நிலைமை வேறு. அங்கே ரூட்டர் கட்டாயம் வேண்டும். அந்தப் பெட்டி ஒரே ஒரு கருவியைத்தான் வெளியே விடும். ரூட்டர் அந்த ஒற்றை இடத்தில் உட்கார்ந்து, தன் பின்னால் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் சேர்த்துப் பேசும்.

இந்த இரண்டாவது வகையில் இருப்பவர்கள், வேலையைத் தொடங்கும் முன் டயல் செய்யும் பெயரையும் பாஸ்வேர்டையும் இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் ‘சேவ்’ ஆகியிருப்பதால் பலருக்கு அது நினைவிலேயே இருக்காது. ரூட்டருக்கு மாற்றும்போது அது இல்லாமல் ஓர் அடிகூட நகர முடியாது.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை இப்போதே மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் நுழையும் முகவரி, பெயர், பாஸ்வேர்டு, முதலில் வந்த வை-ஃபை பெயர் எல்லாம் அதில் இருக்கும். நம் ஊர் வேர்வைக்கும் புழுதிக்கும் அந்த எழுத்து இரண்டு வருடத்தில் அழிந்துவிடுகிறது.

2. தொடக்கூடாத இரண்டு

ஒன்று, மஞ்சள் நிறத்தில் மெல்லியதாக வரும் ஃபைபர் ஒயர். அதன் நுனியில் பச்சை நிறப் பிளக் இருக்கும். பெட்டியை வேறு அறைக்கு நகர்த்தலாம் என்று அதைப் பிடுங்குகிறார்கள், சுருட்டி ஆணியில் மாட்டுகிறார்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. இறுக்கி மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். நுனியில் தூசி பட்டாலே சிக்னல் குறையும். பெட்டியை நகர்த்த வேண்டுமென்றால் ஃபைபர் போட்டவரை வரச் சொல்லுங்கள். நாம் வேலை செய்வது பெட்டிக்கு இந்தப் பக்கம் மட்டும்.

இரண்டாவது, ‘ரீசெட்’ என்ற ஊசித் துளை. நெட் மெதுவாக இருக்கிறது என்று நானே ஒரு முறை அதில் பத்து விநாடி ஊசியை அழுத்தினேன். டயல் பெயரும் பாஸ்வேர்டும் உள்பட உள்ளே இருந்த எல்லாம் அழிந்து போயிற்று. அன்று சனிக்கிழமை மாலை. திங்கள்கிழமை மதியம் வரை வீட்டில் நெட் இல்லை. பெட்டியை அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. அணைத்துப் போட எப்போதும் பவர் ஸ்விட்ச் போதும்.

3. வாங்க வேண்டியவை

பெட்டியிலிருந்து இரண்டாவது கம்ப்யூட்டர் வரை நூல் பிடித்து அளந்து பாருங்கள். சுவரோரமாக, வாசற்படிக்கு மேலாக, ஒயர் உண்மையில் போகும் வழியிலேயே அளக்க வேண்டும். நேர்க்கோட்டில் 8 மீட்டர் என்று நினைப்பது சுவரோரம் போனால் 15 மீட்டர் ஆகிவிடும். அதற்கு மேல் இரண்டு மீட்டர் சேர்த்து வாங்குங்கள். லேன் ஒயர் 100 மீட்டர் வரை போகும், எனவே எந்த வீட்டுக்கும் தூரம் ஒரு பிரச்சினை இல்லை.

ஒயர் ‘கேட் 5இ’ அல்லது ‘கேட் 6’ ஆக இருக்கட்டும். அதைவிட முக்கியம், உள்ளே இருப்பது முழுச் செம்பா என்று பார்ப்பது. விலை குறைந்த ஒயர்களில் அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். கடையிலேயே நுனியைச் சீவி, ஒரு கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அது அலுமினியம், வேண்டாம். நாலு தடவை வளைத்தால் ஒடிந்துவிடும். கடற்காற்றில் அதன் இணைப்புகள் இன்னும் சீக்கிரம் கெடும்.

15 மீட்டருக்குள் என்றால் இரண்டு முனையிலும் பிளக் போட்டு வரும் ரெடிமேட் ஒயரே நல்லது. சுவரில் துளை போட்டுக் கொண்டுபோக வேண்டுமென்றால் பிளக் இல்லாத ஒயரும், நாலைந்து பிளக்கும், பிளக்கை ஒயரில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவியும் வேண்டும். பிளக் உள்ளே நுழைய முக்கால் அங்குலத் துளை தேவை, வெறும் ஒயருக்குக் கால் அங்குலம் போதும் என்பதுதான் காரணம். சின்ன கேபிள் டெஸ்டர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். விலை அதிகமில்லை, அது மிச்சப்படுத்தும் நேரம் அதிகம்.

டெலிபோன் ஒயரும் பிளக்கும் பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனால் பிளக் ஒடுக்கமாக இருக்கும். அது லேன் துளைக்குள் நுழையும், ‘கிளிக்’ என்றுகூடச் சொல்லும், வேலை மட்டும் செய்யாது. எட்டுப் பித்தளைப் பட்டைகள் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

புதிய மெல்லிய லேப்டாப்களில் லேன் துளையே இருக்காது. அதற்கு யுஎஸ்பியில் மாட்டும் லேன் அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது. பழைய டெஸ்க்டாப்பில் வை-ஃபை இருக்காது, அதற்கும் யுஎஸ்பி வை-ஃபை அடாப்டர் உண்டு. எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

4. முதல் கம்ப்யூட்டர் மட்டும், ஒயரில்

பெட்டியோடு ஒரே ஒரு கம்ப்யூட்டரைச் சின்ன ஒயரால் இணையுங்கள். வீட்டிலுள்ள மொபைல்களில் வை-ஃபையை அணைத்துவிடுங்கள். டிவியையும் அணையுங்கள். இப்போது வேகத்தை அளந்து பார்த்து நோட்டில் எழுதுங்கள்: இறக்கும் வேகம் எவ்வளவு, ஏற்றும் வேகம் எவ்வளவு.

இதை ஏன் செய்ய வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாளைக்கு மாடியில் 20 எம்பிபிஎஸ்தான் (நொடிக்கு 20 மெகாபிட்) வருகிறது என்றால், வரும் இணைப்பே அவ்வளவுதானா, நாம் இழுத்த ஒயரில் கோளாறா என்று இந்த எண்தான் சொல்லும். இது இல்லாமல் இணைப்பு கொடுத்தவருக்குப் போன் செய்தால் பேச்சு எங்கும் போய்ச் சேராது.

எண்ணைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. திட்டத்தில் சொல்லும் 100 என்பது மெகாபிட். கோப்பு இறங்கும்போது கம்ப்யூட்டர் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12 மெகாபைட் அளவில் இறங்கினால் அது சரியான வேகம்தான். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து, அதே கம்ப்யூட்டரில், விண்டோஸில் கட்டளை தட்டும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். இரண்டு எண்கள் நமக்கு வேண்டும். ‘ஐபிவி4’ என்ற வரியில் இருப்பது இந்தக் கம்ப்யூட்டரின் முகவரி, உதாரணமாக 192.168.1.5. ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் இருப்பது பெட்டியின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டருக்கு இந்த முகவரியைக் கொடுத்தது பெட்டிதான். அப்படி முகவரி பிரித்துக் கொடுக்கும் வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். தெருவில் வீட்டு எண் போடுகிற வேலை மாதிரி. அந்த வேலையை வீட்டில் ஒரே ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும். 8ஆம் படியில் வரும் சிக்கல் முழுவதும் இந்த விதியை மீறுவதால் வருவதுதான்.

5. பெட்டிக்குள் நுழைந்து மூன்றை மாற்றுங்கள்

பிரவுசரில் மேலே அந்தக் கேட்வே எண்ணைத் தட்டினால் பெட்டியின் உள்பக்கம் திறக்கும். ஸ்டிக்கரில் உள்ள பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள்.

முதலில் உள்ளே நுழையும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஒரே மாதிரிப் பெட்டிகளில் பலவற்றுக்கு ஒரே பாஸ்வேர்டுதான் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அது தெரியும். அப்புறம் வை-ஃபை பாஸ்வேர்டு. மொபைல் நம்பரை வைக்காதீர்கள், தெருவில் எல்லோரும் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். பாதுகாப்பு வகையில் ‘டபிள்யூபிஏ2’ அல்லது ‘டபிள்யூபிஏ3’ இருக்கட்டும். மூன்றாவதாக, டிஎச்சிபி பக்கத்தில் முகவரி தொடங்கும் எண்ணை 192.168.1.10 என்று வையுங்கள். 2 முதல் 9 வரை நம் கையில் காலியாக இருக்கும். பிரின்டருக்கோ இரண்டாவது ரூட்டருக்கோ பின்னால் அது தேவைப்படும்.

வேறு எதையும் தொட வேண்டாம். குறிப்பாக ‘வேன்’ (வெளியே போகும் இணைப்பு) என்ற பக்கத்தில் இருப்பது இணைப்பு கொடுத்தவர் அமைத்தது. ஓர் எண் மாறினாலும் நெட் போய்விடும்.

6. இரண்டாவது கம்ப்யூட்டருக்கு ஒயர்

ஓரிடத்தில் நிலையாக இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒயர், தூக்கிக்கொண்டு நடக்கும் லேப்டாப்புக்கு வை-ஃபை. நான் வைத்திருக்கும் கணக்கு இது. டெஸ்க்டாப்பை ஒயரில் போட்டுவிட்டால் வை-ஃபையில் கூட்டம் குறையும், லேப்டாப்பும் நன்றாக ஓடும்.

ஒயரைச் சுவரில் பொருத்தும் முன் தரையிலேயே விரித்து, இரண்டு முனையையும் மாட்டி, நெட் வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகே கிளிப் அடியுங்கள். எல்லாவற்றையும் அடித்து முடித்த பின் ஒயரே கெட்டது என்று தெரிந்தால் சுண்ணாம்பு உதிர உதிர எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும்.

மின்சார ஒயர் போகும் பைப்புக்குள் லேன் ஒயரை விடாதீர்கள். பல வீடுகளில் எலக்ட்ரீஷியனே அப்படித்தான் விட்டு வைத்திருக்கிறார். ஆபத்து ஒரு பக்கம், 230 வோல்ட் ஒயரின் இரைச்சல் சிக்னலில் கலப்பது இன்னொரு பக்கம். ஓர் அடியாவது தள்ளிப் போகட்டும். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி போலக் கடக்கட்டும்.

பிளக் அடிப்பதை நிதானமாகச் செய்யுங்கள். ஒயரின் மேல்தோலை ஓர் அங்குலம் உரித்தால் உள்ளே நாலு ஜோடி, எட்டுக் கம்பிகள் முறுக்கியபடி இருக்கும். முறுக்கைப் பிரித்து, விரலால் நீவி நேராக்கி, இந்த வரிசையில் அடுக்குங்கள்: ஆரஞ்சு கோடிட்ட வெள்ளை, ஆரஞ்சு, பச்சை கோடிட்ட வெள்ளை, நீலம், நீலக் கோடிட்ட வெள்ளை, பச்சை, பழுப்பு கோடிட்ட வெள்ளை, பழுப்பு. பிளக்கின் பித்தளைப் பட்டை மேலேயும் உங்களைப் பார்த்தும், பூட்டு நாக்கு பின்பக்கமும் இருக்கும்படி பிடித்தால், இடக்கைப் பக்கம் முதல் கம்பி வர வேண்டும்.

பச்சை ஜோடிதான் எல்லோரையும் தடுக்கி விழ வைக்கிறது. ஆரஞ்சு ஜோடி பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, பச்சையையும் பழக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். பச்சையின் நடுவே நீல ஜோடி வந்து உட்கார வேண்டும். வரிசை தப்பினாலும் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி தப்பியிருந்தால் குட்டி ஒயரில் ஓடிவிடும். நீள ஒயரில்தான் அது காட்டிக் கொடுக்கும், ஏனென்றால் ஜோடியின் முறுக்குதான் இரைச்சலைத் தடுக்கிறது.

அடுக்கியதும் அரை அங்குலம் விட்டு நேராக ஒரே வெட்டு. பிளக்குக்குள் தள்ளி, எட்டுக் கம்பியின் நுனியும் முன்சுவரில் முட்டுவதைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலப் பிளக்கின் முகப்பில் பாருங்கள். எட்டுச் செம்புப் புள்ளிகள் மின்ன வேண்டும். மேல்தோலும் பிளக்குக்குள் கொஞ்சம் நுழைந்திருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் இழுவை முழுவதும் மெல்லிய கம்பிகளில் விழும். பிறகு கிரிம்பிங் கருவியில் வைத்து ஒரு முறை பலமாக அழுத்துங்கள்.

டெஸ்டரில் மாட்டினால் 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரிய வேண்டும். 4, 5, 7, 8 இல் ஒன்று எரியாவிட்டாலும் நெட் வரும், அதனால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் வேகம் 100ஐத் தாண்டாது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு கம்பி போதும், 1000க்கு எட்டும் வேண்டும். லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டியபடி மாதக்கணக்கில் 94 மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழுப்புக் கம்பி ஒன்று பட்டையில் படாமல் இருந்தது. பிளக்கை வெட்டிப் போட்டு வேறு அடித்தேன், சரியாகிவிட்டது. கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அமைப்பில் ‘லிங்க் ஸ்பீட்’ என்ற வரி 100 காட்டுகிறதா, 1000 காட்டுகிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். ஆனால் சில பெட்டிகளில் ஒரு லேன் துளைதான் 1000, மற்றவை 100. வேறு துளைக்கு மாற்றியும் பார்த்துவிட்டு ஒயரைக் குறை சொல்லுங்கள்.

7. லேப்டாப்புக்கு வை-ஃபை

பெட்டியில் பெரும்பாலும் இரண்டு வை-ஃபை அலைவரிசைகள் இருக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவது தூரம் போகும், சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. இரண்டாவது வேகமானது, ஆனால் ஒரு கனமான சுவரிலேயே தளர்ந்துவிடும். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிடுங்கள், எதில் இருக்கிறோம் என்று தெரியும்.

பெட்டியை டிவிக்குப் பின்னாலும் இரும்பு பீரோ மேலும் வைக்காதீர்கள். உலோகம் சிக்னலைத் தடுத்துத் திருப்பிவிடும். தரையிலிருந்து ஐந்தடி உயரம் நல்லது. நெருக்கமான தெருக்களில் பக்கத்து வீட்டு வை-ஃபையும் மோதும். 2.4இல் சேனல் 1, 6, 11 மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாதவை. அவற்றில் கூட்டம் குறைந்ததை வையுங்கள்.

பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பழைய வீடு. வாசல், திண்ணை, கூடம், அப்புறம் தோட்டம் வரை நீளமாகப் போகும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி இருக்கும். வாசலில் பெட்டி, கடைசி அறையில் லேப்டாப். சேனல், ஆன்டெனா என்று எதை மாற்றினாலும் பயனில்லை. அந்த மாதிரி வீடுகளுக்கு அடுத்த படி.

8. இரண்டாவது ரூட்டர் போட வேண்டியிருந்தால்

“அண்ணா, புது ரூட்டர் போட்டதுல இருந்து கீழயும் நெட் போச்சு” என்று எனக்கு வந்த போன்கள் பல. காரணம் ஒவ்வொரு தடவையும் ஒன்றேதான். புது ரூட்டரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியிருப்பார்கள். அதுவும் 192.168.1.1 என்று தன்னைச் சொல்லிக்கொண்டு முகவரி கொடுக்கத் தொடங்கும். ஒரே தெருவுக்கு இரண்டு பேர் வீட்டு எண் போட்டால் எப்படி இருக்கும், அதுதான் நடக்கும். சில நேரம் நெட் வரும், சில நேரம் வராது, எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

வரிசை இதுதான். முதலில் புது ரூட்டரை வீட்டு இணைப்பில் மாட்டவே மாட்டாதீர்கள். தனியாக மேசையில் வைத்து, அதற்கும் லேப்டாப்புக்கும் மட்டும் ஒயர் போடுங்கள்.

உள்ளே நுழைந்து ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ (முகவரி கொடுக்காமல் வை-ஃபை மட்டும் தரும் முறை) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள், பெரும்பாலான வேலை முடிந்தது.

அது இல்லாத ரூட்டரில் கையால் செய்ய வேண்டும். முதலில் ரூட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். 5ஆம் படியில் காலியாக விட்ட எண்களில் ஒன்று அது. சேமித்ததும் தொடர்பு அறுந்துவிடும், பயப்பட வேண்டாம். பிரவுசரில் இந்தப் புது எண்ணைத் தட்டி மறுபடி நுழையுங்கள். அதன் பிறகு வை-ஃபை பெயரும் பாஸ்வேர்டும் வையுங்கள். கடைசியாக டிஎச்சிபியை அணையுங்கள்.

டிஎச்சிபியைக் கடைசியில் அணைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலிலேயே அணைத்தால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் ரூட்டருக்குள் திரும்ப நுழைய முடியாது. அப்புறம் ரீசெட் போட்டு முதலிலிருந்து வர வேண்டும்.

இப்போது அதைக் கடைசி அறைக்குக் கொண்டுபோய், பழைய பெட்டியின் லேன் துளையிலிருந்து வரும் ஒயரைப் புது ரூட்டரின் லேன் துளையில் செருகுங்கள். கையால் அமைத்தவர்கள் நிறம் மாறியிருக்கும் ‘வேன்’ துளையில் செருகக் கூடாது. அதில் செருகினால் புது ரூட்டர் தனக்கென்று வேறு தெரு போட்டுக்கொள்ளும், மாடியிலிருந்து கீழே உள்ள பிரின்டர் தெரியாது. முத்தியால்பேட்டை வீட்டில் கூடத்தின் உத்திரத்தை ஒட்டி 22 மீட்டர் ஒயர் இழுத்து இப்படித்தான் செய்தோம். கடைசி அறையில் வாசலில் வரும் அதே வேகம் வந்தது.

1ஆம் படியில் சொன்ன ஒற்றைத் துளைப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது நேர் எதிர். அவர்கள் ரூட்டரின் ‘வேன்’ துளையில்தான் செருக வேண்டும், உள்ளே ‘பிபிபிஓஇ’ என்ற டயல் முறையைத் தேர்ந்தெடுத்து டயல் பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும், டிஎச்சிபி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் வீட்டில் முகவரி கொடுப்பது அந்த ரூட்டர்தான்.

லேன் துளைகள் மட்டும் போதவில்லை என்றால் ரூட்டர் வேண்டியதில்லை, ஐந்து துளை நெட்வொர்க் ஸ்விட்ச் போதும். அதில் அமைக்க ஒன்றுமில்லை, செருகினால் ஓடும்.

9. இரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று பார்க்க

விண்டோஸில் இரண்டிலும் நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். ‘பப்ளிக்’ என்று இருந்தால் மற்ற கம்ப்யூட்டருக்குத் தன்னை மறைத்துக்கொள்ளும். பிறகு பகிர வேண்டிய ஒரு ஃபோல்டரை மட்டும் பகிருங்கள், சி டிரைவ் முழுவதையும் வேண்டாம். பகிர்ந்த ஃபோல்டருக்குள் நுழைய அந்தக் கம்ப்யூட்டரின் பயனர் பாஸ்வேர்டு கேட்கும், பாஸ்வேர்டே இல்லாத கணக்கு என்றால் பெரும்பாலும் உள்ளே விடாது.

10. இருவரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது

எச்டி வீடியோ ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ் போதும். அப்படியிருந்தும் மாடியில் ஆன்லைன் வகுப்பு திக்கித் திக்கி வருகிறது என்றால், கீழே யாரோ போட்டோக்களைப் பெருமளவில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஏற்றும் பாதை நிரம்பிவிட்டால் இறக்குவதும் தடுமாறும். சின்னக் கேள்விகூட வெளியே போக வரிசையில் நிற்க வேண்டி வரும். பெட்டியில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வேக வரம்பு வைக்கும் வசதி இருந்தால், ஏற்றும் வேகத்துக்கு மட்டும் வரம்பு வைத்துப் பாருங்கள். நல்ல மாற்றம் தெரியும்.

மாத டேட்டா அளவு முடிந்ததும் வேகம் குறையும் திட்டமா என்றும் பாருங்கள். இரண்டு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. விண்டோஸ் அப்டேட் இரண்டிலும் தனித்தனியாக இறங்குவது வீண். ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்ற பக்கத்தில் வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டர்களை மட்டும் அனுமதித்தால், ஒன்றில் இறங்கியதை மற்றது வீட்டுக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும்.

11. கடற்காற்று, இடி, மின்வெட்டு

தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு வீட்டில் ஒன்றரை வருடம் நன்றாக ஓடிய ஒயர் திடீரென்று விட்டு விட்டு வந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பித்தளைப் பட்டைகளில் பச்சையாகக் களிம்பு. உப்புக் காற்றின் வேலை. கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னலோரத்தில் பிளக் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தாத துளைகளை மூடி வையுங்கள். மொட்டைமாடி வழியாக ஒயர் போனால் வெளிப்புறத்துக்கென்று வரும் கறுப்புத் தோல் ஒயரே போடுங்கள், உள்வீட்டு ஒயரின் தோல் வெயிலில் வெடித்துவிடும். சுவருக்குள் நுழையும் முன் ஒயரை ‘யு’ போலக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

ஃபைபர் கண்ணாடி என்பதால் அதன் வழியாக மின்னல் வராது. ஆனால் மாடிக்குப் போகும் லேன் ஒயர் செம்பு. ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் அந்த ஒயரையும் பவர் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் நம் கரையில்தான் ஏறின. அந்த அளவுக்குப் போகாத சாதாரண மின்வெட்டுக்குப் பெட்டிக்கென்று ஒரு மினி யுபிஎஸ் போதும். வாங்கும் முன் பெட்டியின் அடாப்டரைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், சிலவற்றில் 9. வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதிகமோ இருக்கலாம். 9 வோல்ட் பெட்டிக்கு 12 கொடுத்தால் பெட்டி போய்விடும். இரண்டாவது ரூட்டரோ ஸ்விட்ச்சோ இருந்தால் அதற்கும் தனியாக வேண்டும். கீழே யுபிஎஸ் போட்டுவிட்டு மாடியில் ஏன் நெட் போகிறது என்று தேடியவர்கள் உண்டு.

12. நெட் வரவில்லை என்றால் தேடும் வரிசை

முதலில் விளக்கு. ஒயர் செருகிய துளையில் விளக்கு எரியவில்லை என்றால் ஒயர் அல்லது பிளக். கம்ப்யூட்டருக்குள் எதையும் தேட வேண்டாம்.

விளக்கு எரிகிறது என்றால் ஐபிகான்ஃபிக் பாருங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால், முகவரி கொடுக்க யாரும் கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். பெட்டியின் டிஎச்சிபியைப் பாருங்கள், ஒயரின் ஆரஞ்சு, பச்சை ஜோடிகளைப் பாருங்கள்.

முகவரி சரியாக இருந்தால் ‘பிங்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு 192.168.1.1 கொடுங்கள். பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. அடுத்து, வெளியே இருக்கும் கூகுளின் முகவரியான 8.8.8.8க்குப் பிங் செய்யுங்கள். இதற்கும் பதில் வந்து, இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. கம்ப்யூட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 என்று கொடுத்துப் பாருங்கள்.

பெட்டி பதில் சொல்கிறது, 8.8.8.8 பதில் சொல்லவில்லை என்றால் பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை. உங்கள் வீட்டில் எதையும் மாற்ற வேண்டாம், ரீசெட்டைத் தொடவே வேண்டாம். இணைப்பு கொடுத்தவருக்குப் போன் செய்து “எல்ஓஎஸ் சிவப்பாக எரிகிறது” என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். “பெட்டியை அணைத்துப் போடுங்கள்” என்ற பேச்சைத் தாண்டி நேராக ஆளை அனுப்புவார்கள்.

சிவப்பு இல்லை, ஆனாலும் வெளியே போகவில்லை என்றால் பெட்டியை அணைத்து இரண்டு நிமிடம் விட்டுப் போடுங்கள். அப்போதும் வராவிட்டால் முதல் கம்ப்யூட்டரை மட்டும் சின்ன ஒயரில் மாட்டி, 4ஆம் படியில் செய்த அதே சோதனையைச் செய்யுங்கள். அதில் நெட் வந்து வேகமும் நோட்டில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், கோளாறு நீங்கள் அதற்குப் பிறகு சேர்த்தவற்றில் இருக்கிறது. ஒன்றைச் செருகுங்கள், பாருங்கள், அப்புறம் அடுத்ததைச் செருகுங்கள்.